சூப்பர்மேனின் தகப்பனும் சட்டித்தலையனின் தகப்பனும்

தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் இதை எடுத்துவிடுவார். "ஸ்பைடர் கதையெல்லாம் எழுதுனது யாரு தெரியும்ல? சூப்பர்மேனை உருவாக்குன ஆளு." புதிதாக வந்தவர் வாயைப் பிளப்பார். பழையவர்கள் முதல்முறை கேட்பது போலவே சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள். எனக்கு இந்தத் தகவல் வாட்ஸப்பில் ஒரு படமாக வந்தது. இடப்பக்கம் சூப்பர்மேன், வலப்பக்கம் கூர்மண்டையும் கறுப்பு உடையுமாக நம்ம ஸ்பைடர், நடுவில் ஒரு மனிதர். கீழே மூன்று ஆச்சரியக்குறி.

நடுவில் இருந்தவர் ஜெர்ரி சீகல். தகவல் பெருமளவு உண்மைதான். அந்தப் 'பெருமளவு' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஸ்பைடரைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: இவன் சிலந்தி மனிதன் இல்லை. அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1965-இல் லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த 'லயன்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கிய தொடர். குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று துடிக்கிற ஒருவன். வலை பீய்ச்சும் துப்பாக்கி, ஹெலிகார், பெல்ஹாம் என்றொரு விஞ்ஞானி, ஆர்டினி என்றொரு பூட்டுடைப்பவன். கதாநாயகனே வில்லன். 1984-இல் சிவகாசியில் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸில் இவன் தமிழ் பேசத் தொடங்கினான். எண்பதுகளில் பள்ளிக்கூடம் போன அண்ணன்மார் இவனைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள்.

சீகலின் கதையும் தெரிந்ததுதான். அவரும் ஜோ ஷஸ்டரும் சேர்ந்து உருவாக்கிய சூப்பர்மேன் 1938-இல் வெளிவந்தது. உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். பிறகு பல ஆண்டு வழக்கு, வேலையிழப்பு, தோல்வி. சூப்பர்மேன் படம் எடுக்கிற பேச்சு வந்து, செய்தித்தாள்கள் எழுதி, 1975-இல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் 'உருவாக்கியவர்கள்' என்று இருவர் பெயரும் கதையில் இடம்பெறும் உரிமையும் கிடைத்தன. இந்த இரண்டு முனைக்கும் நடுவில், அறுபதுகளின் பின்பாதியில், அவர் லண்டன் லயனுக்காக ஸ்பைடர் எழுதினார். பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. பெயரைப் பறிகொடுத்த மனிதன், பெயரே போடாத இடத்தில் போய் எழுதிச் சம்பாதித்திருக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்டு ஸ்பைடரைத் திரும்ப எடுத்துப் படித்தால் யாருக்கும் ஒரு எண்ணம் வரும். 'நான்தான் பெரியவன், ஒத்துக்கொள்ளுங்கள்' என்று உலகத்தைப் பார்த்து ஒருவன் பக்கத்துக்குப் பக்கம் கத்துகிறானே, இது சீகலின் காயம் பேசுவதுதானோ? நல்ல வாசிப்பு. கட்டுரை எழுதத் தோதானது. ஆனால் அது நிற்காது. ஏனென்றால் ஸ்பைடரை உருவாக்கியவர் சீகல் இல்லை. முதல் இரண்டு தொடர்கதைகளை எழுதியவர் டெட் கோவன் என்ற ஆங்கிலேயர். வரைந்தவர் ரெக் பன். கூர்மண்டை, ஹெலிகார், பெல்ஹாம், ஆர்டினி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தீராத தற்பெருமை, எல்லாம் சீகல் பேனா எடுப்பதற்கு முன்பே பக்கத்தில் இருந்தன. சீகல் வந்து கதையைப் பெரிதாக்கினார். பூதாகாரமான எதிரிகளைக் கொண்டுவந்து மோதவிட்டார். வில்லன் மெல்ல நாயகன் பக்கம் சாய்ந்தான். அது சின்ன வேலை இல்லை. ஆனால் தகப்பன் வேறு.

இன்னொன்று உண்டு. யாரும் அதைப் படம் போட்டுப் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. 1952-இல் லண்டன் லயனின் முதல் இதழிலேயே ஒரு இயந்திர மனிதன் வந்தது. ரோபோ ஆர்ச்சி. தமிழில் நாம் 'சட்டித்தலையன்' என்று செல்லமாகக் கூப்பிடுகிறோமே, அதேதான். அதை எழுதிய ஈ. ஜார்ஜ் கோவனும் ஸ்பைடரை எழுதிய டெட் கோவனும் ஒரே ஆள். சிவகாசி லயன் காமிக்ஸின் ஆரம்ப ஆண்டுகளைத் தூக்கி நிறுத்திய இரண்டு பேர் யார் என்று கேட்டால் பழைய வாசகர்கள் யோசிக்காமல் ஸ்பைடர், ஆர்ச்சி என்பார்கள். ரெண்டு பேரும் ஒரே மனிதனின் மண்டையிலிருந்து வந்தவர்கள்! ஒரு தலைமுறைத் தமிழ்ப் பையன்களின் கற்பனையில் இவ்வளவு இடம் பிடித்த வெளிநாட்டு எழுத்தாளர் வேறு யார் இருக்கிறார்? அவர் பெயர் நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவர் சூப்பர்மேனை எழுதவில்லை.

சீகலுக்கு நடந்த அநியாயத்தைப் பகிர்ந்துகொள்கிற படமே கோவனுக்கு அதைத் திரும்பச் செய்கிறது. அந்தப் படத்தில் ரெக் பன்னும் இல்லை. நெருக்கமான கோடுகளாலேயே இருட்டை நெய்து, ஸ்பைடரின் முகத்தில் பாதியை எப்போதும் நிழலில் வைத்திருந்த கை அவருடையது. நாம் பயந்தது அந்தக் கோட்டைப் பார்த்து.

காமிக்ஸ் வாசகர்களின் இந்த வகைக் கண்டுபிடிப்புகளை நான் இருபது வருஷமாக ரசித்து வருகிறேன். கணினியில் வேலை, கையில் எப்போதும் இணையம். பாதிராத்திரியில் ஏதோ ஒரு ஸ்பானிஷ் பக்கத்தில் தலையை நுழைத்துக்கொண்டு கிடப்பது எனக்கும் பழக்கம்தான். சில கண்டுபிடிப்புகள் செம. கேப்டன் டைகரை வரைந்த ஜான் ஜிரோ, மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் அறிவியல் புனைவை வரைந்தவர். 'ஏலியன்' படத்துக்கு விண்வெளி உடைகளை வடிவமைத்தவர். கணினி வரைகலையை நம்பி 1982-இல் எடுக்கப்பட்ட 'ட்ரான்' படத்திலும் அவர் கை உண்டு. புழுதி பறக்கிற குதிரைவீரர் கதைக்கும், கணினிக்குள் பைக் ஓட்டுகிற படத்துக்கும் ஒரே பேனா. இது எனக்குத் தெரிந்த நாளன்று அலுவலகத்தில் வேலை ஓடவில்லை.

இன்னொன்று: ஆலன் மூர் கதையோட்டம் அமைக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதி 2005-இல் தொடங்கிய 'ஆல்பியன்' என்ற குறுந்தொடரில் இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூன்று பேரும் இருக்கிறார்கள். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் பாத்திரங்களெல்லாம் நிஜத்தில் வாழ்ந்தவர்கள், அரசாங்கம் அவர்களைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறது என்பது கதை. அமெரிக்க வாசகர்கள் அதை யார் இவர்கள் என்று குறிப்பு தேடிப் படித்திருப்பார்கள். தூத்துக்குடி மாவட்டத்துப் பையனுக்குக் குறிப்பு தேவைப்படவில்லை.

சரி, இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறதா? ஆலன் மூர், மோபியஸ், சீகல். ஹாலிவுட், சூப்பர்மேன். நாம் பகிர்வதில் முக்கால்வாசி, நம்முடைய சின்ன உலகம் எங்கேயாவது ஒரு பெரிய உலகத்தைத் தொடுகிற இடம். 'நாம படிச்சது சும்மா இல்ல பாத்தியா' என்பதற்கான சாட்சி. காமிக்ஸ் படித்ததற்கு வீட்டில் அடி வாங்கிய தலைமுறைக்கு அந்தச் சாட்சி தேவைப்படுகிறது என்பது புரிகிறது. ஆனால் பெரிய பெயரைத் தொடாத உண்மைகள் இதில் வடிகட்டிப் போய்விடுகின்றன.

பெயர்கள் எப்படித் தொலைந்தன என்பதையும் பார்க்க வேண்டும். நம்மவர்களில் சிலர் 'சிவகாசியில் ஒரிஜினல் பெயரைப் போடவே இல்லை' என்று குறைப்படுவார்கள். லண்டனிலேயே போடவில்லை. ஃப்ளீட்வேயின் வாரப் பத்திரிகைகளில் எழுத்தாளர், ஓவியர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. பெயர் தெரிந்தால் ஓவியரைப் போட்டி நிறுவனம் கொத்திக்கொண்டு போய்விடும், அல்லது அவரே கூடுதல் கூலி கேட்பார். இந்த வழக்கத்தை உடைத்தது 1977-இல் தொடங்கிய '2000 ஏ.டி.' பத்திரிகை. கதையின் தலைப்புப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் எழுத்தாளர், ஓவியர், எழுத்துப் பொறித்தவர் என்று எல்லாப் பெயரும். அதற்குள் மாயாவி, ஸ்பைடர் எல்லாம் ஓடி முடிந்துவிட்டார்கள்.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையின் முதல் இதழில் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் பல்மர், ஏகப்பட்ட புனைபெயர்களில் அறிவியல் புனைகதைகளாக எழுதித் தள்ளியவர். பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சலோனாக்காரர் ஹெஸூஸ் பிளாஸ்கோ. அவருடைய சகோதரர்களும் சேர்ந்து உழைத்த குடும்பப் பட்டறை அது. லண்டன் நிறுவனங்கள் ஸ்பெயின் ஓவியர்களிடம் முகவர்கள் மூலம் வேலை வாங்கின. லண்டனுக்கு மலிவு, ஓவியருக்கு உள்ளூர்க் கூலியைவிட அதிகம். (பெங்களூரில் உட்கார்ந்து லண்டன் வங்கிக்கு நிரல் எழுதுகிற எனக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.) பார்சலோனாவில் வரைந்து, லண்டனில் ஆங்கிலம் பேசி, 1972 ஜனவரியில் சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழ் பேசி, கடைசியில் ஆறுமுகநேரி பஜாரில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்தது.

எங்க ஊர் உப்பளமும் சாகுபுரம் ஆலையும் திருச்செந்தூர் ரயிலும்தான். தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குப் புத்தகம் என்பது அந்தக் கடை அண்ணாச்சி தராசில் தூக்கிப் போடுவதற்குள் நாம் உருவிக்கொள்வது. முத்து, லயன், ராணி எல்லாம் கலந்து கிடக்கும். ராணி காமிக்ஸ் எங்களுக்கு ஒருவகையில் சொந்த ஊர்ச் சரக்கு. தினத்தந்தி ஆதித்தனார் பிறந்த காயாமொழி எங்களுக்குச் சைக்கிள் தூரம். அதனால் எங்க தெருவில் ஒரு குழப்பம் உண்டு. ராணி காமிக்ஸில் லீ ஃபாக்கின் ஃபேன்டம் 'முகமூடி வீரர் மாயாவி'. முத்து காமிக்ஸில் 'இரும்புக்கை மாயாவி'. "மாயாவி புக்கு இருக்கால?" என்று ஒருத்தன் கேட்டால் "எந்த மாயாவி? முகமூடியா, கையா?" என்று கேட்டுத்தான் பேரம் தொடங்கும். அட்டை கிழிந்திருக்கும், கடைசிப் பக்கம் இருக்காது. பெயர் அச்சாகியிருந்தாலும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அப்படிக் கிழிந்த புத்தகத்திலிருந்து பிளாஸ்கோவுக்குப் போய்ச் சேர்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. தமிழில் தலைப்பு மாறியிருக்கும், பாத்திரப் பெயரும் சில சமயம் மாறியிருக்கும். இருப்பது படம் மட்டும். ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு, இந்தக் கார், இந்தத் தொப்பி, இந்தக் கோடு எந்த நாட்டுக் கை என்று ஊகித்து, இத்தாலியப் பட்டியல், ஸ்பானிஷ் பட்டியல், பிரிட்டிஷ் பழைய இதழ்ச் சேகரிப்பாளர்கள் போட்டு வைத்த ஸ்கேன் என்று ஒவ்வொன்றாகத் துழாவி, கடைசியில் அதே கட்டத்தைக் கண்டுபிடிப்பது. உ.வே.சா. செல்லரித்த ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வேலையின் ஒரு சின்னத் தம்பி இது. சிரிக்கலாம், பரவாயில்லை. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் சம்பளம் கொடுக்காமல், வங்கிக் குமாஸ்தாவும் மருந்துக்கடைக்காரரும் ஆசிரியரும் லீவு நாளில் உட்கார்ந்து செய்த இலக்கிய வரலாறு இது. எங்கள் வேலையில் 'பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதை எழுதியவர் பெயரையும் தேதியையும் காட்டும். பழி என்று பொருள்படும் பெயர் வைத்தாலும் அது பெரும்பாலும் மரியாதைக்குத்தான் பயன்படுகிறது. தமிழ் காமிக்ஸுக்கு அந்தக் கட்டளையை இவர்கள் கையாலேயே ஓட்டினார்கள்.

இப்போது அது இன்னும் முக்கியமாகிவிட்டது. 'அறுபதுகளின் பிரிட்டிஷ் காமிக்ஸ் பாணியில் ஒரு வில்லன்' என்று தட்டினால் இயந்திரம் நாலு நொடியில் படம் போட்டுக் கொடுக்கிறது. அந்தப் 'பாணி' என்பது சில மனிதர்களின் மணிக்கட்டு என்பதை அது சொல்லாது. 2018-இல் ரெபெல்லியன் நிறுவனம் பழைய ஃப்ளீட்வே கதைகளின் உரிமையை வாங்கி, பிறகு ஸ்பைடரையும் மாயாவியையும் எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு புத்தகமாகக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு தாமதம். இருந்தாலும் வந்தது.

இதுவரை பாராட்டு. என் குறை இனிமேல்தான்.

நம் கண்டுபிடிப்புகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. தமிழிலிருந்து வெளியே. 'ஒரிஜினல்' கிடைத்ததும் ஆட்டம் முடிந்தது, தமிழ்ப் புத்தகம் வெறும் நகலாகச் சுருங்கிவிடுகிறது. இடப்பக்கம் மூல அட்டை, வலப்பக்கம் நம்ம அட்டை, கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. இந்த ஜோடிப் படங்கள் நூற்றுக்கணக்கில் சுற்றுகின்றன. ஆனால் வலப்பக்க அட்டையை யாராவது நின்று பார்க்கிறார்களா? லயன், முத்து அட்டைகளை நீண்ட காலம் வரைந்தவர் மாலையப்பன். சிவகாசி என்றால் காலண்டர், பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள். தூரத்திலிருந்து பார்த்தாலும் கையைப் பிடித்து இழுக்கிற வண்ணம்தான் அந்த ஊரின் தொழில்திறம். மூல அட்டையில் மங்கலாக நின்றவன் நம்ம அட்டையில் தீபாவளிச் சரவெடி மாதிரி நிற்பான். அதைக் 'காப்பி' என்று சிரிப்பவர்கள், பஸ் ஸ்டாண்டு கடையில் நூல் கட்டித் தொங்குகிற ஐம்பது புத்தகத்துக்கு நடுவில் அது என்ன வேலை செய்ய வேண்டியிருந்தது என்று யோசிப்பதில்லை.

அட்டையை விடுங்கள், சொல்லுக்கு வருவோம். மாயாவியின் ஆங்கிலப் பெயர் 'ஸ்டீல் க்ளா'. எஃகு நகம், எஃகுப் பிடி. கையைப் பற்றி மட்டும் பேசுகிற பெயர். கதை என்ன? ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்த லூயிஸ் கிராண்டெல் எஃகுக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். (எங்க வீட்டில் ஈரக்கையோடு ஸ்விட்ச் பக்கம் போனால் முதுகில் ஒன்று விழும். மாயாவி நேராகப் போய் விரலை உள்ளே விடுவார்.) தமிழில் வைத்த பெயரில் 'எஃகு' போய் 'இரும்பு' வந்தது. எஃகுக்கை என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அடுத்து 'மாயாவி' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. அதுதான் பெரிய வேலை.

மாயாவி என்றால் மறைபவன் மட்டுமா? ராமாயணத்தில் வாலியைச் சண்டைக்கு இழுத்துக் குகைக்குள் ஓடிய அசுரன் பெயர் மாயாவி. நம் காதில் அந்தச் சொல்லுக்கு ஏமாற்றுக்காரன், நம்பக்கூடாதவன் என்ற வாடை உண்டு. முதல் கதையில் கிராண்டெல் யார்? கண்ணுக்குத் தெரியாத தன் சக்தியைக் கெட்டதுக்குப் பயன்படுத்துகிற குற்றவாளி. பிறகுதான் திருந்தி அரசாங்க உளவுப் படையில் சேருகிறான். ஆங்கிலப் பெயருக்கு அந்தப் பழைய வாழ்க்கை நினைவில்லை. தமிழ்ப் பெயருக்கு நினைவிருக்கிறது. அவன் எத்தனை முறை உலகத்தைக் காப்பாற்றினாலும் தலைப்பில் அசுரன் பெயர்தான். இது யோசித்து வைத்ததா, வாய்க்கு வந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு சொல் இத்தனை வருஷம் பக்கத்தில் செய்த வேலை முக்கியம்.

இன்னும் இருக்கிறது. ஷான்-மிஷேல் ஷார்லியே எழுத ஜிரோ வரைந்த பிரெஞ்சுத் தொடரின் நாயகன் பெயர் ப்ளூபெர்ரி. அதுவே பொய்ப்பெயர். நிஜப்பெயர் மைக் டோனவன். தப்பியோடும்போது யார் நீ என்று கேட்க, கண்ணில் பட்ட ஒரு புதரைப் பார்த்து அந்தப் பழத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறான். தமிழ்நாட்டில் அந்தப் பழத்தை அப்போது யார் பார்த்தார்கள்? ஆக லெப்டினன்ட் ப்ளூபெர்ரி நமக்குக் கேப்டன் டைகர் ஆனான். பதவி உயர்வோடு. பொய்ப்பெயரில் வாழ்ந்தவனுக்கு இன்னொரு பொய்ப்பெயர். ஆனால் பார்த்தால், மூக்கு உடைந்த, சூதாடுகிற, மேலதிகாரிக்கு அடங்காத அந்த அழுக்கு மனிதனுக்கு 'டைகர்' கொஞ்சம் மிகையான கம்பீரம். அந்தப் பெயரோடு வளர்ந்த நாம் அவனை மூலத்தைவிட வீரமாகவே படித்திருக்கிறோம். இது மொழிபெயர்ப்பின் லாபமா நஷ்டமா என்று பேசலாம். நஷ்டம் என்பது என் கட்சி. கேலிக்குரிய பெயரோடு ஒருவன் மரியாதையைச் சம்பாதிப்பதுதான் அந்தக் கதையின் ருசி.

வான் ஆம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த தொடருக்கு மூலத்தில் பெயரே பதின்மூன்று என்ற ரோம எண்தான். நினைவிழந்தவன் காறையெலும்பருகே குத்திய பச்சை. தமிழில் 'இரத்தப் படலம்'. காண்டம் காண்டமாக, படலம் படலமாகக் கதை கேட்ட ஊரில், ஆண்டுக்கணக்கில் நீண்ட ஒரு கதைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைக்க முடியும்? கண்ணில் படர்ந்து பார்வையை மறைப்பதற்கும் படலம் என்றுதான் பெயர். அவனுக்கும் மறைந்திருப்பது தன் கடந்தகாலம்.

வான்ஸ் யார், எங்கே பிறந்தார், வேறு என்ன வரைந்தார் என்பதெல்லாம் நம்மில் பலருக்கு மனப்பாடம். 'படலம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு பத்தி எழுதிய ஆள் எத்தனை பேர்? தமிழ்ப் பதிப்புக்கும் தமிழ் மறுபதிப்புக்கும் இடையில் பேச்சுக்குமிழிக்குள் என்ன மாறியது, எந்தக் கதையில் ரௌடி மெட்ராஸ் பாஷை பேசுகிறான், எதில் செந்தமிழ் பேசுகிறான், எப்போதிலிருந்து கவ்பாய்கள் நம்ம ஊர் நக்கலில் பேச ஆரம்பித்தார்கள்? விஜயன் தானே மொழிபெயர்க்கவும் செய்கிற ஆசிரியர். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வாசகர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர். கேட்டால் பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள் இவை. அங்கே நாம் கேட்பது பெரும்பாலும் அடுத்து எந்தத் தொடரின் உரிமை வாங்குவீர்கள், பழைய கதை எப்போது வண்ணத்தில் வரும் என்பவைதான்.

சாகுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த என் கூட்டாளி ஒருத்தன், பேப்பர் கடையில் எனக்கு முன்னாடி உருவிவிடுகிறவன், இப்போது துபாயில். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன்.

"ஏல, நாங்க சந்தோசத்துக்குத் தேடுதோம். நீ ஏன் அதுக்குப் பரிட்சை வைக்க?"

"பரிட்சை இல்லடே. கோவன் பேரச் சொல்லுங்கன்னுதான் சொல்லுதேன்."

"கோவனச் சொன்னா எவன் வாயப் பொளப்பான்? சீகல்னு சொன்னாத்தான் என் மவனே திரும்பிப் பாக்கான்."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பகிர்தல் என்பதே எதிராளியின் கண் விரிவதைப் பார்க்கும் ஆசை. யாருக்கும் தெரியாத பெயரைச் சொல்லிக் கண்ணை விரியவைக்க முடியாது. ஆனால் அதற்கும் வழி உண்டு என்று நினைக்கிறேன். கோவன் பெயரைத் தனியாகச் சொன்னால் அது பொது அறிவு. 'ஸ்பைடரும் ஆர்ச்சியும் ஒரே ஆள் போட்ட குட்டி' என்று சொன்னால் அது விமர்சனத்தின் முதல் வரி. உடனே அடுத்த கேள்வி வரும். ரெண்டும் ஏன் இவ்வளவு தற்பெருமை பிடித்தவை? ஆர்ச்சி ஆரம்பத்தில் ஊமை, வெறும் தூரக்கட்டுப்பாட்டு இயந்திரம். அறுபதுகளில் அதற்குக் குரல்பெட்டி வைத்தார்கள். வாய் திறந்ததும் அது பேசியதெல்லாம் தன் பெருமை. ஸ்பைடர் பிறந்ததும் அதே காலம். ஒருவன் கெட்டவன், மற்றது கோமாளி. ஒரே குணத்தை ஒருமுறை பயமுறுத்தவும் ஒருமுறை சிரிக்கவைக்கவும் வைத்துக்கொண்ட மனிதர் கோவன் என்று படித்தால், ரெண்டு தொடரையும் திரும்ப எடுக்கத் தோன்றுகிறதா இல்லையா? கூட்டாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்லல, இத மவன்ட்ட சொல்லலாம்" என்றான்.

இந்தப் பேச்சுக்கு அப்புறம் அவன் ஊருக்கு வந்தபோது பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கினான். உள்ளே அதிசயமாகக் கடைசிப் பக்கத்தோடு ஒரு முத்து காமிக்ஸ். கீழ் விளிம்பில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், அச்சக முகவரி. இந்த வரி அங்கே இருப்பது 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தினால். எது அச்சானாலும் யாரைப் பிடித்து விசாரிப்பது என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கதையை எழுதியவனையோ வரைந்தவனையோ தமிழில் சொன்னவனையோ போலீஸ் தேடப்போவதில்லை, அதனால் சட்டம் அவர்களைக் கேட்கவில்லை. அந்த வரிக்கு மேலே, நீலப் பந்துமுனைப் பேனாவில், கூட்டாளிக்கும் முந்தைய ஏதோ ஒரு சொந்தக்காரன் தன் பெயரை எழுதி வைத்திருந்தான். ஏழாம் வகுப்பு, பி பிரிவு. முதல் பக்கத்திலும் அதே பெயர், நடுப்பக்கத்தில் பின் ஊசிக்குப் பக்கத்திலும் அதே பெயர். மூன்றாவது இடத்தில் மட்டும் கீழே கோடு போட்டு, திருடுகிறவன் கை மாயாவி கை மாதிரி ஆகிவிடும் என்று எழுதியிருந்தான்.